தலை போகிற பயணம்: 1865-ல் ஆன்சைட் போன 19 பேர்

ஆன்சைட் கிளம்புறதுக்கு முன்னால நாம பண்ற அலப்பறை தெரிஞ்சதுதானே. பருப்புப்பொடி எத்தனை கிலோ, குக்கர் எடுத்துட்டுப் போகலாமா, விசா இண்டர்வியூவில் என்ன கேப்பாங்க, ஜெர்கின் டி.நகர்ல வாங்கலாமா அங்க போய் வாங்கலாமா... இந்த ரேஞ்சில்தான் நம்ம தயாரிப்பு இருக்கும். மாட்டிக்கிட்டா என்ன ஆகும்? மிஞ்சிப் போனா விசா கிடைக்காது, ஏர்போர்ட்டில் ஊறுகாயைப் பிடுங்கிக்குவாங்க.

மாட்டிக்கிட்டா தலையே போயிடும்னு தெரிஞ்சும் வெளிநாட்டுக்குப் படிக்கக் கிளம்பின ஒரு கோஷ்டியைப் பற்றித்தான் இந்தப் பதிவு. ஊர் ஜப்பான், வருஷம் 1865. மொத்தம் 19 பேர். அதில் ரொம்பச் சின்னப் பையனுக்கு வயசு 13. கொஞ்சம் நீளமா போகும், டீ எடுத்து வச்சுக்கோங்க.

அப்போ ஜப்பானை ஆண்டது தொகுகாவா ஷோகுன் அரசு. ஜப்பானியர் யாரும் நாட்டை விட்டு வெளியே போகக் கூடாது, போனால் மரண தண்டனை என்று 1635-ல் போட்ட சட்டம் இன்னமும் அமலில் இருந்தது. அமெரிக்க போர்க்கப்பல்கள் 1853-ல் வந்து கதவை இடித்ததற்கு அப்புறம் வெளிநாட்டு வியாபாரிகள் சில துறைமுகங்களுக்குள் வந்துவிட்டார்கள். ஆனால் வெளியே போவதற்கான தடை மட்டும் அப்படியே இருந்தது. அரசாங்கமே தூது அனுப்பினால் சரி, மற்றவன் போனால் தப்பு.

நம்ம 19 பேரும் ஜப்பானின் தென்கோடியில் இருந்த சத்சுமா என்கிற சமஸ்தானத்துக்காரர்கள். தலைநகர் ககோஷிமா. இந்தச் சத்சுமாவின் கணக்குவழக்கைக் கொஞ்சம் பார்த்துவிட்டுத்தான் மேலே போகணும், ஏன்னா கதையே காசில்தான் இருக்கு.

1830 வாக்கில் சத்சுமாவின் கடன் 50 லட்சம் ரியோ. ரியோ என்பது அந்தக் காலத் தங்க நாணயம். வட்டி கட்டக்கூட வருமானம் போதாத நிலைமை. நிதிப் பொறுப்புக்கு வந்த ஜூஷோ ஹிரோசாதோ என்கிற அதிகாரி ஒரு அபாரமான காரியம் செய்தார். ஓசாகா லேவாதேவிக்காரர்களைக் கூப்பிட்டு, "கடனைக் கண்டிப்பா திருப்பித் தந்துடுறோம், வட்டி கிடையாது, 250 வருஷத் தவணை" என்று சொல்லிவிட்டார். 250 மாசம் இல்லைங்க, வருஷம்! சமுராயிடம் எதிர்த்துப் பேச வியாபாரிக்கு வாய் ஏது. (நம்ம ஹோம் லோனை இப்படி ரீஸ்ட்ரக்சர் பண்ணித் தர்ற பேங்க் எங்கேயாவது இருந்தா சொல்லுங்க :-))

இது ஒரு பக்கம். இன்னொரு பக்கம் சிரிக்கிற மாதிரி இல்லை. சத்சுமாவுக்குத் தெற்கே அமாமி தீவுகள் இருக்கின்றன. அங்கே மக்களைக் கரும்பு மட்டுமே போட வைத்து, காய்ச்சிய கருப்பட்டி மாதிரியான சர்க்கரையை மொத்தமாக சமஸ்தானமே எடுத்துக்கொண்டது. 1830-ல் இது முழு ஏகபோகமாக ஆனது. தீவுக்காரன் தனியாக விற்றால் கடும் தண்டனை. 'கருஞ்சர்க்கரை நரகம்' என்றே அந்தக் காலத்துக்குப் பெயர் வைத்திருக்கிறார்கள். சத்சுமாவின் கஜானா நிரம்பியதில் பெரிய பங்கு இந்தச் சர்க்கரைக்கு உண்டு. பின்னால் வரப்போகும் கப்பல், துப்பாக்கி, லண்டன் காலேஜ் ஃபீஸ் எல்லாவற்றுக்கும் பின்னால் இந்தத் தீவுக்காரர்கள் இருக்கிறார்கள். 19 பேரின் கதையைச் சொல்பவர்கள் பெரும்பாலும் இந்த இடத்தை வேகமாகத் தாண்டிப் போய்விடுகிறார்கள்.

சரி, கதைக்கு வருவோம். 1862 செப்டம்பரில் யோகொஹாமா பக்கத்தில் சத்சுமா பிரபுவின் தந்தை ஊர்வலமாகப் போனபோது, குதிரையில் எதிரே வந்து ஒதுங்காமல் நின்ற ரிச்சர்ட்சன் என்ற ஆங்கிலேய வியாபாரியை சமுராய்கள் வெட்டிக் கொன்றார்கள். பிரிட்டன் நஷ்டஈடு கேட்டது, சத்சுமா முடியாது என்றது. 1863 ஆகஸ்டில் ஏழு பிரிட்டிஷ் போர்க்கப்பல்கள் ககோஷிமாவுக்கே வந்து குண்டு போட்டன. ஊரில் ஒரு பகுதி எரிந்தது, கஷ்டப்பட்டு வாங்கிய நீராவிக் கப்பல்கள் மூன்றும் போச்சு. ஆங்கிலேயர் தரப்பிலும் அடி, கப்பல் தளபதி ஒருவரே செத்தார். கடைசியில் சத்சுமா 25,000 பவுண்ட் கொடுத்து சமாதானமாகப் போனது. அந்தப் பணத்தையும் ஷோகுன் அரசிடம் கைமாத்தாக வாங்கிக் கொடுத்தார்கள். அதைத் திருப்பிக் கொடுக்கவே இல்லை. பழைய பழக்கம் விடுமா?

அந்தச் சண்டையில் கப்பல்களோடு இரண்டு பேர் பிரிட்டிஷாரிடம் மாட்டினார்கள். ஒருவர் கோடாய் தொமோஅத்சு, இன்னொருவர் பின்னாளில் தெராஷிமா முனெனோரி என்ற பெயரில் வெளியுறவு அமைச்சரானவர். யோகொஹாமாவில் விடுதலை ஆனாலும் ஊருக்குத் திரும்ப முடியவில்லை. எதிரியோடு சேர்ந்து காட்டிக் கொடுத்தவர்கள் என்று சொந்த ஊரிலேயே பேச்சு. தலைமறைவாகத் திரிய வேண்டியதாயிற்று.

என்னைக் கேட்டால் இந்தக் கதையின் ஹீரோ கோடாய்தான். 1862-லேயே ஷாங்காய் போய்ப் பார்த்துவிட்டு வந்த ஆள். தலைமறைவுக் காலத்தில் நாகசாகியில் இருந்தபடி 1864-ல் சமஸ்தானத்துக்கு ஒரு நீண்ட மனு எழுதினார். இன்றைக்கு அதைப் பார்த்தால் அச்சு அசல் பிசினஸ் பிளான். "நம்மைத் தோற்கடித்தவன் எப்படி ஜெயித்தான் என்று அவன் வீட்டுக்கே போய்ப் படிக்க வேண்டும்" என்பது சாரம். சும்மா வீரவசனமாக இல்லாமல், காசு எங்கிருந்து வரும் என்று ஆரம்பிக்கிறார். ஷாங்காய்க்கு அரிசி முதலான சரக்கை அனுப்பி விற்பது. அந்த லாபத்தில் சர்க்கரை ஆலை இயந்திரம் வாங்குவது. கருஞ்சர்க்கரையை வெள்ளைச் சர்க்கரையாக்கி விற்று, வரும் லாபத்தில் மாணவர்களை ஐரோப்பாவுக்கு அனுப்புவது, இயந்திரங்கள் வாங்குவது. யார் யார் போக வேண்டும், போகிறவன் எதை எதைப் பார்க்க வேண்டும் என்பதும் அதில் உண்டு.

அதில் எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம் ஒன்று. வெளிநாட்டானைக் கண்டாலே வெட்டணும் என்கிற கட்சிக்காரர்களையும் இந்தப் பயணத்தில் சேர்க்கச் சொல்கிறார். நமக்கு ஆமாம் போடுறவனையே கூட்டிக்கொண்டு போய் என்ன பிரயோஜனம், எதிர்க்கிறவன் கண்ணால் பார்த்துவிட்டு வந்தால்தான் ஊர் நம்பும் என்கிற கணக்கு. 28 வயசில் இப்படி யோசித்திருக்கிறார் மனுஷன்.

சத்சுமா அதே 1864-ல் கைசெய்ஜோ என்று ஒரு பள்ளிக்கூடம் ஆரம்பித்திருந்தது. ஆங்கிலம், டச்சு, கணக்கு, கடல் பயணம், பீரங்கி இதெல்லாம் பாடம். மாணவர்களில் பெரும்பாலானோரை அங்கிருந்து எடுத்தார்கள். பெரிய வீட்டுப் பிள்ளைகளையும் கோடாய் சொன்னபடியே சேர்த்தார்கள். அவர்களில் சிலர் முடியவே முடியாது என்றார்கள். காட்டுமிராண்டிகள் ஊருக்குப் போய்ப் படிப்பது சமுராய்க்கு அவமானமாம். ஹதகேயாமா யோஷினாரி என்பவரை மட்டும் பிரபுவின் தந்தையே கூப்பிட்டுப் பேசிச் சம்மதிக்க வைத்தார். மாட்டேன் என்றே நின்றவர்களுக்குப் பதிலாக வேறு ஆட்கள் வந்தார்கள். அப்படி மாற்று ஆளாக வந்தவர்களில் முராஹாஷி ஹிசனாரி ஒருவர். இந்தப் பெயரை ஞாபகம் வச்சுக்கோங்க.

படிக்கப் போகிறவர்கள் 15 பேர். கூடப் போகும் அதிகாரிகள், மொழிபெயர்ப்பாளர் என்று நாலு பேர். கோடாயும் தெராஷிமாவும் இந்த நாலில் அடக்கம். நேற்று வரை துரோகிகள், இன்று டீம் லீடர்கள்!

யார் என்ன படிக்கணும் என்றும் பிரித்துக் கொடுத்தார்கள். கப்பல் கட்டுவது, கடற்படை, தரைப்படை, கோட்டை கட்டுவது, வேதியியல், மருத்துவம்... பட்டியலைப் பாருங்க, வியாபாரம் என்ற பாடமே கிடையாது. காரணம் இருக்கு. அந்தச் சமூகத்தில் சமுராய் மேலே, அப்புறம் விவசாயி, அப்புறம் கைவினைஞர், எல்லாருக்கும் கீழே வியாபாரி. காசை எண்ணுவது சமுராய்க்குக் கேவலம். வியாபாரத்தைப் பார்க்கும் வேலை கோடாய்க்கும் தலைவராகப் போன நீரோ என்பவருக்கும்தான்.

இனி பேக்கிங்குக்கு வருவோம். பணத்துக்கும் கப்பலுக்கும் ஏற்பாடு செய்தது நாகசாகியில் கடை வைத்திருந்த தாமஸ் கிளவர் என்ற ஸ்காட்லாந்து வியாபாரி. துப்பாக்கி, கப்பல், தேயிலை என்று எல்லாம் விற்றவர். அவருக்கு இது முதலீடு, நாளைய வாடிக்கையாளரை இன்றே வளைத்துப் போடுகிறார்.

அப்புறம் பெயர். ஷோகுனின் ஆட்களுக்குத் தெரியாமல் இருக்க எல்லாருக்கும் பிரபுவே பொய்ப் பெயர் கொடுத்தார். கோடாய் செகி கென்ஸோ ஆனார். 17 வயசு மோரி அரினோரி, சவாய் தெத்சுமா ஆனார். 13 வயசு இசொனாகா ஹிகோசுகே, நகசாவா கனாயே ஆனான். அந்தப் பையன் சாகும்வரை அந்தப் பொய்ப் பெயரிலேயே வாழ்ந்தான்.

ஊரில் சொன்ன காரணம், தீவுகளுக்கு ஆய்வுப் பயணம். 1865 பிப்ரவரி நடுவில் ககோஷிமாவை விட்டுக் கிளம்பி, ஹஷிமா என்ற மீன்பிடிக் கிராமத்துக்குப் போனார்கள். அங்கே வியாபாரிகள் வீட்டில் தங்கிக்கொண்டு கப்பலுக்காகக் காத்திருந்தார்கள். ஒரு நாள் இரண்டு நாள் இல்லை, சுமார் இரண்டு மாசம். திரும்பி வருவோமா தெரியாது, வந்தால் தலை இருக்குமா தெரியாது. வீட்டில் முழு உண்மை சொல்லவும் வழியில்லை. தினமும் கடலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது எப்படி இருந்திருக்கும்! மனசு மாறி ஓடிப்போக இரண்டு மாசம் தாராளமான அவகாசம். ஏப்ரல் 17-ஆம் தேதி கிளவர் ஏற்பாடு செய்த கப்பல் வந்தது. கப்பலின் பெயர் ஆஸ்திரேலியன். பயணம் தொடங்கியதுமே குடுமியை வெட்டினார்கள். குடுமி சமுராயின் கௌரவம். நம்ம ஊர்க்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

இவர்களுக்கு இரண்டு வருஷம் முன்னால், 1863-ல், சோஷூ என்ற இன்னொரு சமஸ்தானத்திலிருந்து ஐந்து பேர் இதே போல லண்டனுக்குத் திருட்டுத்தனமாகப் போயிருந்தார்கள். அவர்களின் தயாரிப்பு லட்சணம் வேறு. ஷாங்காயில் கப்பல் கம்பெனிக்காரர் "எதுக்கு இங்கிலாந்து போறீங்க?" என்று கேட்க, கடற்படை விஷயம் என்று சொல்ல நினைத்து, தெரிந்த ஒரே ஆங்கில வார்த்தையான 'நேவிகேஷன்' என்பதைச் சொன்னாராம் ஒருவர். ஓ, மாலுமி வேலை கத்துக்கணுமா என்று அதில் இரண்டு பேரைத் தளம் கழுவும் வேலைக்குப் போட்டுவிட்டார்கள். ஆளுக்கு 1000 ரியோ கட்டிவிட்டு ஆப்பிரிக்காவைச் சுற்றி லண்டன் வரை வேலை செய்துகொண்டே போயிருக்கிறார்கள். அந்த இருவரில் ஒருவர்தான் ஜப்பானின் முதல் பிரதமரான இதோ ஹிரோபூமி. கம்யூனிகேஷன் ஸ்கில் முக்கியம்னு ஹெச்.ஆர். சொன்னா கேட்டுக்கோங்கப்பா.

சத்சுமாக்காரர்கள் பயணிகளாகவே போனார்கள். ஹாங்காங்கில் தெருவிளக்கு எரிவாயுவில் எரிவதைப் பார்த்து அசந்தார்கள். அப்புறம் சிங்கப்பூர், பினாங்கு, இலங்கையின் காலி, பம்பாய். அமெரிக்க உள்நாட்டுப் போரால் பருத்தி விலை எகிறி பம்பாய் பணத்தில் மிதந்து, போர் முடிந்ததும் அத்தனையும் சரிந்த வருஷம் அது. சூயஸ் கால்வாய் 1869-ல்தான் திறந்தது. அதனால் சூயஸில் இறங்கி ரயிலில் அலெக்சாண்ட்ரியா, மறுபடி கப்பல். ஜூன் 21-ல் சவுத்தாம்ப்டன்.

லண்டனில் யுனிவர்சிட்டி காலேஜில் வேதியியல் பேராசிரியர் வில்லியம்சன் இவர்களைக் கவனித்துக்கொண்டார். சோஷூ மாணவர்களையும் பார்த்துக்கொண்டவர் அவர்தான். சர்ச் ஆஃப் இங்கிலாந்து உறுப்பினரா என்று கேட்காமல் யாரையும் சேர்த்துக்கொண்ட கல்லூரி அது. ஜூலையில் பெட்ஃபர்டில் இருந்த விவசாயக் கருவித் தொழிற்சாலைக்குப் போய் இயந்திரங்களை ஓட்டியே பார்த்திருக்கிறார்கள். சோஷூ கோஷ்டியில் மிச்சம் இருந்தவர்களில் யமாவோ யோஸோ என்பவருக்கு கிளாஸ்கோ போய்க் கப்பல் கட்டும் வேலை கற்க ஆசை, கையில் காசில்லை. ஜப்பானில் சத்சுமாவும் சோஷூவும் ஜென்மப் பகை. 1864-ல்தான் கியோத்தோவில் ஒருவரை ஒருவர் சுட்டுக்கொண்டார்கள். ஆனால் லண்டனில் சத்சுமா மாணவர்கள் தலைக்கு ஒரு பவுண்ட் போட்டு அவரை அனுப்பி வைத்தார்கள். ரூம் மேட் கஷ்டத்துக்கு நாம சில்லறை சேர்க்கிற மாதிரியேதான்.

கோடாய் காலேஜ் பக்கமே போகவில்லை. நீரோவோடு ஊர் ஊராகச் சுற்றினார். பர்மிங்காமில் துப்பாக்கி. ஓல்ட்ஹாமில் பிளாட் பிரதர்ஸ் கம்பெனியில் நூற்பு இயந்திரங்கள். பெல்ஜியம் போய் மோன்ப்ளான் என்ற பிரபுவோடு கூட்டுக் கம்பெனி ஒப்பந்தம் (இது காகிதத்தோடு சரி, உருப்படவில்லை). அங்கிருந்து ஊருக்கு எழுதியதில் அவர் சொன்ன விஷயம், ஐரோப்பிய நாடுகளுக்கு அஸ்திவாரம் தொழிலும் வாணிபமும்தான், ராணுவ பலம் அதற்கு மேலே கட்டுவது என்பது. பீரங்கி அடி வாங்கியதால் கிளம்பிய ஆள் பீரங்கியைக் கற்காமல் பீரங்கிக்குக் காசு எங்கிருந்து வருகிறது என்று பார்த்திருக்கிறார். அந்தப் பாடப் பட்டியல் போட்டவர்களுக்கு இது தோன்றவில்லை.

1866-ல் அவர் திரும்பினார். அதே வருஷம் வெளிநாடு போவதற்கான தடையும் நீங்கியது. 1867-ல் ககோஷிமாவில் அந்த பிளாட் இயந்திரங்களோடு ஜப்பானின் முதல் மேற்கத்திய பாணி நூற்பாலை ஓட ஆரம்பித்தது. ஆங்கிலேயப் பொறியாளர்கள் தங்கக் கட்டிய வீடு இன்னமும் இருக்கிறது, 2015-ல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. பிளாட் கம்பெனிக்கு ஒரு பின்கதை உண்டு. 1929-ல் அதே பிளாட் பிரதர்ஸ், டொயோடா சகிச்சியின் தானியங்கித் தறிக்கான உரிமையை ஒரு லட்சம் பவுண்டுக்கு விலை பேசி வாங்கியது. 64 வருஷத்தில் விற்றவன் வாங்க வந்துவிட்டான்.

திட்டத்தில் இருந்த சர்க்கரை ஆலைகளும் அமாமி தீவில் வந்தன, ஆனால் சில வருஷங்களிலேயே மூடிவிட்டார்கள். அதாவது லாபம் முதலில், பயணம் பிறகு என்று எழுதிய பிளானில் பயணம் நடந்தது, லாபம் வரவில்லை. லண்டனில் இருந்த பசங்களுக்கு ஊரிலிருந்து வர வேண்டிய பணம் இழுத்தடித்தது. 1866 கோடையிலேயே பலர் மூட்டை கட்டினார்கள். சிலர் 1867-ல் தாமஸ் லேக் ஹாரிஸ் என்ற சாமியாரின் ஆசிரமத்தை நம்பி அமெரிக்கா போனார்கள்.

அங்கிருந்து திரும்பியவர்களில் ஒருவர் மோரி. அமெரிக்காவில் ஜப்பானியத் தூதராக இருந்துவிட்டு வந்து, 1875-ல் தோக்கியோவில் ஒரு வணிகப் பள்ளியை ஆரம்பித்தார். அமெரிக்காவிலிருந்து விட்னி என்ற ஆசிரியரை வரவழைத்து, கணக்குப் பதிவு சொல்லிக் கொடுத்தார்கள். வியாபாரி மகனும் சமுராய் மகனும் ஒரே பெஞ்சில் பேரேடு எழுதினார்கள். அதுதான் இன்றைய ஹிதோத்சுபாஷி பல்கலைக்கழகம். மோரி 1885-ல் கல்வி அமைச்சர் ஆனார், 1889-ல் அரசியல் சாசனம் வெளியான அன்றே ஒரு தீவிரவாதி குத்தியதில் மறுநாள் இறந்தார். கோடாய் ஓசாகாவுக்குப் போய் 1878-ல் பங்குச் சந்தையும் வணிகர் சங்கமும் உருவாவதற்கு முன்னால் நின்றார், 1880-ல் அங்கும் ஒரு வணிகப் பள்ளி. தாத்தன் காலத்தில் 250 வருஷத் தவணை சொல்லி ஏமாற்றிய அதே ஓசாகா வியாபாரிகளுக்கு ஒரு சத்சுமாக்காரர் தலைவர்!

அதற்காக அவரைக் கோயில் கட்டிக் கும்பிட வேண்டாம். 1881-ல் ஹொக்கைடோ குடியேற்றத் துறையின் சொத்துகளை விற்கப் போன விவகாரத்தில் அவர் பெயர் நாறியது. சுமார் 1 கோடியே 40 லட்சம் யென் போட்டு உருவாக்கியதை 39 லட்சம் கூட இல்லை, 39 ஆயிரமும் இல்லை, 4 லட்சத்துக்கும் குறைவாக, வட்டியில்லாத 30 வருஷத் தவணையில் சத்சுமா நண்பர்களுக்கே கொடுக்க ஏற்பாடு. வட்டியில்லாத் தவணை சத்சுமா ரத்தத்திலேயே ஊறியது போல. பத்திரிகைகள் கிழித்த கிழியில் விற்பனை ரத்தானது. கோடாயின் பங்கு எவ்வளவு என்று இன்றும் ஆய்வாளர்கள் சண்டை போடுகிறார்கள். 1885-ல் அவர் இறந்தபோது மிஞ்சியது கடன்தான்.

முராஹாஷியை ஞாபகம் இருக்கா? மாற்று ஆளாக வந்தவர். அதே ஹொக்கைடோ துறையில் அதிகாரியாக இருந்தார். பீர் ஆலையைத் தோக்கியோவில் கட்டலாம் என்ற மேலிடத்தை எதிர்த்து, பனியும் குளிரும் இருக்கிற சப்போரோவில்தான் கட்டணும் என்று வாதாடி ஜெயித்தார். 1876-ல் திறந்தது, இன்று உலகம் முழுக்கக் கிடைக்கிற சப்போரோ பீர் அதுதான். அந்த 1881-ல் வேலையை விட்டார், வீட்டை விட்டும் போனார். 1892-ல் கோபே நகரத் தெருவோரத்தில் விழுந்து கிடந்தவரைக் கண்டெடுத்தார்கள், சில நாளில் உயிர் போனது.

13 வயசு நகசாவா? காலேஜில் சேர வயசு பத்தாமல் அபர்டீனில் பள்ளிக்கூடம் போனான், கிளவரின் குடும்பம் இருந்த ஊர். பிறகு அமெரிக்கா. சாமியார் ஹாரிஸோடு கலிஃபோர்னியா போய், ஃபவுண்டன்குரோவ் திராட்சைத் தோட்டத்தின் சொந்தக்காரராகி, ஒயின் ராஜா என்று பெயர் வாங்கினார். 1934-ல் இறந்தபோது, ஆசியர்கள் நிலம் வைத்திருக்கக் கூடாது என்ற கலிஃபோர்னியச் சட்டத்தால் அவருடைய உறவினர்களுக்குத் தோட்டம் போய்ச் சேரவில்லை. அங்கே இருந்த வட்டக் களஞ்சியம் 2017 காட்டுத்தீ வரைக்கும் நின்றது.

ககோஷிமா-சூவோ ரயில் நிலையத்துக்கு வெளியே 1982-ல் இவர்களுக்குச் சிலை வைத்தார்கள். எண்ணிப் பார்த்தால் 17 பேர்தான். மொழிபெயர்ப்பாளர் ஹோரி நாகசாகிக்காரர், மாணவர் தகாமி தோசாக்காரர், அதனால் சத்சுமா சிலையில் இடமில்லை என்று விட்டுவிட்டார்கள். தலைக்கு ஆபத்து மட்டும் 19 பேருக்கும் ஒன்றுதான். அந்த இரண்டு சிலைகளையும் 2020-ல்தான் சேர்த்தார்கள்.